மூர் என்பது யார் யாருக்கு வைத்த பெயர்?

கேள்வி இதுதான்: இலங்கை நண்பர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனாரின் இனம் என்ற இடத்தில் தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்றும் ஆங்கிலத்தில் 'மூர்' என்றும் இருக்கிறது. ஸ்பெயினை ஆண்ட மூர்களின் வழிவந்தவர்களா இவர்கள்? அந்த மூர்கள் யார், எந்தெந்தப் பகுதிகளை எவ்வளவு காலம் ஆண்டார்கள்?

முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: இல்லை. ஸ்பெயினிலிருந்து மூர்கள் கூட்டமாகக் கிளம்பி வந்து இலங்கையின் பேருவளையிலோ காத்தான்குடியிலோ குடியேறவில்லை. பெயர் மட்டும்தான் கப்பலேறி வந்தது. எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது பாதி கொஞ்சம் நீளமானது.

தன்னை 'மூர்' என்று சொல்லிக்கொண்டு ஆண்ட அரசன் அந்த எண்ணூறு வருடக் கதையில் ஒருவன்கூடக் கிடையாது. மூர் மொழி என்று ஒன்று இல்லை, மூர் வம்சம் என்றும் இல்லை. ரோமானியர்கள் இன்றைய மொரோக்கோவின் வடக்கிலும் அல்ஜீரியாவின் மேற்கிலும் வாழ்ந்தவர்களை 'மௌரி' என்றார்கள், அவர்கள் நாட்டை மௌரிதானியா என்றார்கள். (இன்று அந்தப் பெயரில் இருக்கும் நாடு அதற்கு வெகு தெற்கே, சஹாரா பக்கம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பழைய பெயரை எடுத்து அங்கே ஒட்டிவிட்டார்கள்.) அந்த மக்களைத்தான் பிற்பாடு பெர்பர்கள் என்றார்கள். அதுவும் வெளியார் வைத்த பெயர்தான், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது அமாஸிக் என்று. இஸ்லாமியப் படைகள் ஸ்பெயினுக்குள் வந்த பிறகு, வடக்கே இருந்த கிறிஸ்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் இருந்த எல்லாருமே மூர் ஆகிவிட்டார்கள். டமாஸ்கஸ் அரபும் மூர், அட்லஸ் மலைப் பெர்பரும் மூர், நேற்றுவரை தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்து இன்று மதம் மாறிய உள்ளூர் விவசாயியும் மூர். ராஜஸ்தானி, குஜராத்தி, சிந்தி எல்லாரையும் சேர்த்து நாம் 'சேட்டு' என்று முடித்துவிடுகிறோமே, அந்த மாதிரி.

சரி, கதைக்கு வருவோம்.

711ஆம் ஆண்டு தாரிக் பின் ஸியாத் என்ற தளபதி ஜலசந்தியைக் கடந்து ஒரு பாறை மலையடிவாரத்தில் இறங்கினார். ஜபல் தாரிக், அதாவது தாரிக்கின் மலை. அந்தப் பெயர்தான் நாக்கில் உருண்டு ஜிப்ரால்டர் ஆனது. அவரோடு வந்தவர்கள் சுமார் 7,000 பேர் என்றும், பிறகு இன்னும் 5,000 பேர் வந்து சேர்ந்தார்கள் என்றும் பழைய வரலாறுகள் சொல்கின்றன. பெரும்பாலோர் பெர்பர்கள், இஸ்லாத்துக்கு வந்து அதிக நாள் ஆகாதவர்கள். ஸ்பெயினை அப்போது ஆண்டுகொண்டிருந்த விசிகோத்துகளுக்குள் வாரிசுச் சண்டை. ரொடெரிக் என்பவர் அரியணையில் ஏறியதை ஒரு கோஷ்டி ஒத்துக்கொள்ளவே இல்லை. குவாதலேதே போரில் ரொடெரிக் தோற்றதும் ராஜ்யம் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. அடுத்த வருடம் தாரிக்கின் மேலதிகாரி, வட ஆப்பிரிக்க ஆளுநர் மூஸா பின் நுஸைர், அரபுகள் நிறைந்த ஒரு படையோடு தானே வந்தார். வெற்றியின் பெயர் தனக்குக் கீழே இருந்தவருக்குப் போய்விடக் கூடாதே! ஏழெட்டு வருடத்தில் வடக்கு மலைகளைத் தவிர ஏறத்தாழ முழுத் தீபகற்பமும் அவர்கள் கையில். பிரனீஸ் மலைக்கு அப்பால் பிரான்ஸின் நார்போன் நகரமும் 759 வரை அவர்களிடம் இருந்தது. இந்த நிலப்பரப்புக்கு அவர்கள் வைத்த பெயர் அல்-அந்தலுஸ்.

படை வந்தது, வாளால் வென்றது என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் நாடு பிடிபட்டது பெரும்பாலும் ஒப்பந்தங்களால். 713இல் தென்கிழக்கே தியோதெமிர் என்ற விசிகோத்துப் பிரபுவோடு மூஸாவின் மகன் அப்துல் அஸீஸ் செய்துகொண்ட உடன்படிக்கையின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. பிரபு தன் ஏழு ஊர்களைத் தானே ஆளலாம். தேவாலயங்களை எரிக்க மாட்டோம், மதம் மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டோம். பதிலுக்கு அவர் எதிரிக்கு இடம் தரக் கூடாது, ஆளுக்கு வருடம் ஒரு தினார் கட்ட வேண்டும். அதோடு நாலு அளவை கோதுமை, நாலு அளவை வாற்கோதுமை, நாலு அளவை திராட்சைச் சாறு, நாலு அளவை வினிகர், இரண்டு தேன், இரண்டு ஆலிவ் எண்ணெய். அடிமைக்கு இதில் பாதி. மாபெரும் நாகரிக மோதல் என்று நாம் படிக்கிற விஷயம் தரையில் எப்படி நடந்தது என்றால், வினிகருக்கும் தேனுக்கும் கணக்கு எழுதி நடந்தது.

ஆனால் ஜெயித்தவர்களுக்குள்ளேயே புகைச்சல். சண்டையின் பளு பெர்பர்கள் மேல், செழிப்பான ஆற்றுப்படுகைகளோ அரபுகள் கையில். பெர்பர்களுக்குக் கிடைத்தது எல்லைப்புற மேட்டு நிலம்தான். அதைவிட மோசம், முஸ்லிமான பிறகும் அவர்களிடம் தோற்ற ஜனங்களிடம் வாங்குவது மாதிரி வரி வாங்கியது. 740இல் தான்ஜியரில் கலகம் வெடித்தது. வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி அன்றைக்கு டமாஸ்கஸிலிருந்து முஸ்லிம் உலகத்தை ஆண்ட கலிஃபாக்களின் கையை விட்டுப் போனது, திரும்பக் கிடைக்கவே இல்லை. அரபு-பெர்பர் என்ற இந்த விரிசலைக் கவனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அடுத்த ஐந்நூறு வருடமும் புரியும். மூர்கள் என்று ஒரே பெயரில் கட்டிப்போட்டுப் படித்தால் ஒன்றுமே புரியாது.

750இல் டமாஸ்கஸின் உமையா வம்சத்தை அப்பாஸியர்கள் வெட்டிச் சாய்த்தபோது, தப்பித்த ஒரு இளவரசர் ஐந்து வருடம் அலைந்து ஸ்பெயின் வந்து சேர்ந்தார். பெயர் அப்துர் ரஹ்மான். தாய் பெர்பர் இனம், ஆப்பிரிக்காவில் ஒளிந்திருக்க உதவியதும் தாய்வழி உறவுதான். 756இல் கோர்டோபாவைத் தலைநகராக்கித் தனி அரசை நிறுவினார். ஊருக்கு வெளியே தோட்டத்தில் ஒரு பேரீச்ச மரத்தைப் பார்த்து, நீயும் என்னைப்போல ஊரைவிட்டு வந்து மேற்கே நிற்கிறாய் என்று கவிதை சொன்னதாக மரபு. கோர்டோபாவின் பெரிய பள்ளிவாசலைத் தொடங்கியவரும் அவர்தான், 780களில். அங்கே நிற்கும் சிவப்பு-வெள்ளை வளைவுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்கு. அது வெறும் அழகுக்குச் செய்ததல்ல. பழைய ரோமானிய, விசிகோத்துக் கட்டடங்களில் இருந்து எடுத்துவந்த தூண்கள் குட்டையாக இருந்தன. அப்படியே கூரை போட்டால் தலை தட்டும், உள்ளே வெளிச்சமும் வராது. அதனால் தூணுக்கு மேல் இன்னொரு தூண் நிறுத்தி, நடுவில் ஒரு வளைவு, உச்சியில் ஒரு வளைவு என்று கட்டினார்கள். கொத்தனார் கணக்கில் பிறந்த அழகு அது. பின்னால் வந்தவர்கள் மூன்று முறை பெரிதாக்கினார்கள், இன்று 850 தூண்களுக்கு மேல் நிற்கின்றன. நட்டநடுவில் 16ஆம் நூற்றாண்டில் ஒரு தேவாலயத்தைச் சொருகிவிட்டார்கள். அது தனிச் சண்டை.

929இல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் தன்னைக் கலிஃபா என்றே அறிவித்துக்கொண்டார். பக்தாதுக்கும் வட ஆப்பிரிக்காவில் கிளம்பிய ஃபாத்திமியர்களுக்கும் போட்டியாக. கோர்டோபாவின் உச்சம் இதுதான். ஊருக்கு வெளியே மதீனத்துஸ் ஸஹ்ரா என்று ஒரு அரண்மனை நகரமே எழுந்தது. அறுவைச் சிகிச்சைக் கருவிகளைப் படம் போட்டு விளக்கிய மருத்துவர் அஸ்ஸஹ்ராவியின் பெயரில் இருப்பது அந்த ஊர்தான். இந்தக் கலிஃபாவின் ஆளைக் கொஞ்சம் பாருங்கள். தகப்பன் வழிப் பாட்டி பாம்ப்லோனாவின் கிறிஸ்தவ இளவரசி. தாய் கிறிஸ்தவ அடிமைப் பெண். வெளுத்த தோல், நீலக் கண்கள். செம்பட்டை முடிக்கு அவர் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மூர்களின் தலைவன் என்று ஐரோப்பா நடுங்கிய மனிதர் இவர்!

அந்தப் பாட்டி பின்னால் தன் ஊரில் மறுமணம் செய்து பெற்ற மகள்தான் நவார் நாட்டு ராணி தோதா. அதாவது கலிஃபாவுக்கு அத்தை முறை. தோதாவின் மகள் வயிற்றுப் பேரன் சாஞ்சோ, லியோன் நாட்டின் கிறிஸ்தவ அரசன். உடம்பு அவ்வளவு பெருத்துவிட்டது, குதிரை ஏற முடியாது, நடக்கவே ஆள் பிடிக்க வேண்டும். பிரபுக்கள் 958இல் அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பாட்டி என்ன செய்தாள்? பேரனைக் கூட்டிக்கொண்டு நேரே கோர்டோபாவுக்குப் போனாள். கலிஃபாவின் அவையில் இருந்த யூத வைத்தியர் ஹஸ்தாய் பின் ஷப்ரூத் பத்தியம் போட்டு உடம்பைக் குறைத்தார். அப்புறம் கலிஃபாவின் படையே கூடப் போய் சாஞ்சோவை மறுபடி அரியணையில் உட்கார வைத்தது. கிறிஸ்தவ அரசன், யூத வைத்தியர், முஸ்லிம் படை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பாட்டி. 'எண்ணூறு வருட மதப்போர்' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அதற்காக எல்லாம் தேனும் பாலும் என்றும் சொல்ல முடியாது. இரண்டு தலைமுறை கழித்து, சிறுவனான கலிஃபாவைப் பெயருக்கு வைத்துக்கொண்டு அல்-மன்சூர் என்ற அமைச்சர் ஆண்டார். வருடா வருடம் வடக்கே படையெடுப்பு. 997இல் சாந்தியாகோ தேவாலயத்தைத் தரைமட்டமாக்கி, அதன் மணிகளைக் கைதிகள் தோளில் ஏற்றி கோர்டோபாவுக்குக் கொண்டுவந்து பள்ளிவாசலில் விளக்காகத் தொங்கவிட்டார். 1236இல் வடக்கே இருந்த கிறிஸ்தவ ராஜ்யமான காஸ்தீலின் அரசன் மூன்றாம் ஃபெர்னாந்தோ கோர்டோபாவைப் பிடித்ததும் முதல் வேலையாக அதே மணிகளை முஸ்லிம் கைதிகள் தோளில் ஏற்றி சாந்தியாகோவுக்குத் திருப்பி அனுப்பினான். இருநூற்று முப்பத்தொன்பது வருடம் கழித்து வட்டியில்லாமல் கடன் தீர்த்த மாதிரி.

அல்-மன்சூர் சண்டைக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பெர்பர்ப் படைகளை வரவழைத்திருந்தார். அவர் வம்சம் கவிழ்ந்ததும் அந்தப் படைகளும் கோர்டோபா மக்களும் மோதிக்கொண்டார்கள். கட்டி எழுபது எண்பது வருடம்கூட ஆகாத மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டு மண்மேடானது. 1031இல் கலிஃபா பதவியே ஒழிந்தது. நாடு இருபது முப்பது குட்டி ராஜ்யங்களாக உடைந்தது. தாயிஃபா என்பார்கள், கோஷ்டி என்று அர்த்தம். செவில், டொலேடோ, சரகோசா, படாஹோஸ், வலென்சியா, கிரானடா. ஆளுக்கொரு அரண்மனை, ஆளுக்கொரு கவிஞர் கூட்டம், பக்கத்து ராஜாவை அடக்க வடக்கே இருக்கும் கிறிஸ்தவ அரசனுக்குத் தங்கமாகக் கப்பம். ஸ்பெயினின் தேசிய வீரன் எல் சித் என்பவனே சரகோசாவின் முஸ்லிம் அரசரிடம் சில வருடம் கூலிப்படைத் தலைவனாக இருந்தவன்தான். அவன் பட்டம்கூட அரபுச் சொல், 'சையித்'. கிரானடாவில் சாமுவேல் பின் நக்ரேலா என்ற யூதர் தலைமை அமைச்சராக இருந்து படையே நடத்தினார். அவர் மகன் பதவியில் இருந்தபோது, 1066இல், கும்பல் புகுந்து அவரையும் அந்த ஊர் யூதர்களில் ஏராளமானவர்களையும் கொன்றுபோட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லுகிறவர் வரலாற்றைச் சொல்லவில்லை, தனக்கு வேண்டியதைச் சொல்கிறார்.

1085இல் டொலேடோ கிறிஸ்தவர் கைக்குப் போனது. செவிலின் அரசர் அல்-முஃதமித், நல்ல கவிஞர், பயந்து போய் ஆப்பிரிக்காவுக்கு ஆள் அனுப்பினார். வந்தவனே நம்மை விழுங்கிவிடுவான் என்று சொன்னவர்களிடம், காஸ்தீலில் பன்றி மேய்ப்பதைவிட ஆப்பிரிக்காவில் ஒட்டகம் மேய்ப்பது மேல் என்றாராம். அவர் கூப்பிட்டது முராபித்துகளை. சஹாராவின் ஸன்ஹாஜாப் பெர்பர்கள், ஆண்கள் முகத்திரை போடுகிறவர்கள், பெட்டிக் கணக்கான தங்கம் போகும் பாலைவனப் பாதைகளைக் கையில் வைத்திருந்தவர்கள், மராக்கேஷ் நகரத்தை நிறுவியவர்கள். அவர்கள் தலைவர் யூசுஃப் பின் தாஷ்ஃபீன் 1086இல் ஸல்லாக்காவில் காஸ்தீல் படையை நொறுக்கினார், ஊருக்குத் திரும்பினார், அப்புறம் யோசித்துப் பார்த்துவிட்டு மறுபடி வந்து தாயிஃபா ராஜாக்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் போட்டார். அல்-முஃதமித் மராக்கேஷுக்குப் பக்கத்தில் அக்மாத் என்ற ஊரில் கைதியாக, ஏழையாகச் செத்தார். சமாதி இன்னும் அங்கே இருக்கிறது. கேட்டது ஒட்டகம், கிடைத்தது விலங்கு.

எல்லை எவ்வளவு என்று கேட்டீர்கள் அல்லவா? 'மூர்' ராஜ்யம் பெரிதாக விரிந்து கிடந்த காலங்களில் இது ஒன்று. தெற்கே செனகல் ஆற்றுப் பக்கத்திலிருந்து வடக்கே எப்ரோ நதிக்கரை சரகோசா வரை, கிழக்கே அல்ஜியர்ஸ் வரை ஒரே அரசு. ஸ்பெயினையும் மொரோக்கோவையும் இன்று இரண்டு கண்டமாகப் பார்க்கிறோம். அன்றைக்கு நடுவில் இருந்தது ஒரு ஆறு மாதிரி, ஜிப்ரால்டர் ஜலசந்தி மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான்.

முராபித்துகளைக் கவிழ்த்தது இன்னொரு பெர்பர்க் கூட்டம், அட்லஸ் மலையின் மஸ்மூதாக்கள். முவஹ்ஹிதுகள் என்று பெயர், 'ஓரிறைவாதிகள்'. இப்னு தூமர்த் என்ற சீர்திருத்தக்காரர் தொடங்கிய இயக்கம். 1147இல் மராக்கேஷைப் பிடித்தார்கள். கிழக்கே இன்றைய லிபியாவின் திரிப்பொலி வரை போனார்கள். கட்டடம் கட்டுவதில் கெட்டிக்காரர்கள். மராக்கேஷின் குதுபிய்யா மினாரா, இன்று தேவாலய மணிக்கூண்டாக நிற்கும் செவிலின் ஹிரால்தா எல்லாம் இவர்கள் வேலை. மதத்தில் கடுமை. யூதர்களும் கிறிஸ்தவர்களும் மதம் மாறு அல்லது கிளம்பு என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். கோர்டோபாவில் பிறந்த யூத அறிஞர் மைமோனிடஸ் குடும்பத்தோடு ஊரைவிட்டு, ஃபெஸ் போய், கடைசியில் எகிப்தில் குடியேறினார். அதே ஆட்சியில்தான் அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய இப்னு ருஷ்தும் அரசவை வைத்தியராக இருந்தார், பிறகு சில காலம் அவமானப்படுத்தப்பட்டு ஒதுக்கப்பட்டார், மீண்டும் அழைக்கப்பட்டார். 1198இல் மராக்கேஷில் இறந்தார். உடலை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனபோது பொதி சுமக்கும் மிருகத்தின் ஒரு பக்கம் சடலம், மறுபக்கம் பாரம் சரியாக இருக்க அவர் எழுதிய புத்தகங்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர் சூஃபி இப்னு அரபி, அவரே எழுதியிருக்கிறார்.

1212இல் லாஸ் நவாஸ் தே தொலோசாவில் கிறிஸ்தவ அரசர்கள் ஒன்றுசேர்ந்து முவஹ்ஹிதுகளை முறியடித்தார்கள். அதற்கப்புறம் சரிவு வேகம்தான். 1236 கோர்டோபா, 1238 வலென்சியா, 1248 செவில். போர்த்துக்கல் 1249இல் தெற்குக் கடற்கரையை முடித்தது. அந்தப் பகுதிக்கு இன்றும் பெயர் அல்கார்வே, அரபியில் 'மேற்கு'.

ஸ்பெயினுக்கு வெளியேயும் சில இடங்கள் உண்டு. சிசிலியை 827 முதல் துனீசியாவின் அக்லபியர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார்கள், 1091க்குள் நார்மன்கள் பறித்துக்கொண்டார்கள். நார்மன் ராஜா இரண்டாம் ரோஜருக்கு 1154இல் உலக வரைபடம் போட்டுக் கொடுத்தவர் அல்-இத்ரீசி. பலேரிக் தீவுகள், மால்டா இதெல்லாம் தனித்தனிக் கதை. எனக்குப் பிடித்தது கிரீட். 818இல் கோர்டோபாவின் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த குடியிருப்பு கலகம் செய்ய, அமீர் அந்தப் பகுதியையே இடித்துத் தள்ளி ஆட்களை நாடுகடத்தினார். ஒரு கூட்டம் ஃபெஸ் நகரத்தில் போய் அமர்ந்தது, அங்கே இன்றும் 'அந்தலுஸ் பகுதி' உண்டு. இன்னொரு கூட்டம் கடல் வழியே அலெக்சாண்ட்ரியாவைப் பிடித்து, அங்கிருந்தும் விரட்டப்பட்டு, கிரேக்கத் தீவான கிரீட்டில் இறங்கி 961 வரை ஆண்டது. அவர்கள் வெட்டிய அகழிக்கு அரபியில் கந்தக். அதிலிருந்து ஊர்ப் பெயரே 'சந்தாக்ஸ்' ஆகிவிட்டது.

எஞ்சியது கிரானடா. நஸ்ரி வம்சம், 1492 வரை சுமார் இரண்டரை நூற்றாண்டு. எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கு ஒரு உதாரணம் போதும்: முதல் சுல்தான் முகம்மது 1248இல் காஸ்தீல் அரசனோடு சேர்ந்து முஸ்லிம் செவிலை முற்றுகையிடப் படை அனுப்பினார். கப்பம் கட்டுவது, காஸ்தீல் அழுத்தினால் மொரோக்கோவை ஆண்ட மரீனிகளைக் கூப்பிடுவது, மரீனிகள் அழுத்தினால் காஸ்தீலோடு சேர்ந்துகொள்வது. இந்த நெருக்கடியில்தான் அல்ஹம்ப்ரா அரண்மனை எழுந்தது. அதன் சுவரெல்லாம் 'இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை' என்ற வாசகம் நூற்றுக்கணக்கான இடங்களில். கப்பம் கட்டிக்கொண்டிருந்த வம்சத்தின் முத்திரை வாசகம் அது. என் கண்ணுக்கு அங்கே பெரிய விஷயம் தண்ணீர்தான். மலைமேல் அரண்மனை, கீழே பள்ளத்தில் தாரோ ஆறு. ஆறு கிலோமீட்டர் மேலே போய் ஆற்றை மடக்கி, மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, சரிவின் வேகத்திலேயே நீரைச் சிங்க முற்றத்து ஊற்று வரை கொண்டுவந்தார்கள். பம்பு கிடையாது. வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் அரபுச் சொல்தான், அசேகியா. அந்த வாய்க்கால்கள் ஊட்டி வளர்த்த ஆரஞ்சுக்கு 'நரஞ்சா'. அது அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போய், நம் நாரத்தை போன்ற ஒரு திராவிடச் சொல்லில் போய் நிற்கும் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் எண்ணம்.

1492 ஜனவரி 2ஆம் தேதி கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ், ஸ்பானியர் வாயில் போவப்தில், நகரச் சாவியை ஸ்பெயினின் அரச தம்பதி இசபெல்லா, ஃபெர்தினாந்திடம் கொடுத்தார். மதத்திலும் மொழியிலும் கை வைக்க மாட்டோம் என்று ஒப்பந்தம். பத்து வருடம் தாங்கவில்லை. 1502இல் காஸ்தீலில் முஸ்லிமாக இருப்பதே குற்றம். ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கு 'மொரிஸ்கோ', குட்டி மூர், என்று பெயர். 1567இல் கிரானடாவில் அரபி பேசத் தடை, அரபு உடைக்குத் தடை, குளியல் கூடங்களுக்கும் தடை. அப்போது ஃப்ரான்சிஸ்கோ நுன்யெஸ் முலேய் என்ற முதிய மொரிஸ்கோ பிரபு அதிகாரியிடம் ஒரு மனு கொடுத்தார். அதன் வாதம் இது: உடை மதம் அல்ல, அது ஊர் வழக்கம், கிழக்கே இருக்கிற கிறிஸ்தவர்கள் அரபிதான் பேசுகிறார்கள், அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா? மனு எடுபடவில்லை. அடுத்த வருடம் அல்புஹாரா மலையில் கலகம், இரண்டு வருட ரத்தம். 1609 முதல் 1614க்குள் மூன்றாம் ஃபிலிப் ஏறக்குறைய மூன்று லட்சம் மொரிஸ்கோக்களைக் கப்பலேற்றித் துனீசியாவுக்கும் மொரோக்கோவுக்கும் அனுப்பிவிட்டார். அவர்களில் பலருக்கு அரபி பேசவே தெரியாது.

1884இல் அல்மோனஸித் என்ற ஸ்பானியக் கிராமத்தில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, பொய்த் தளத்துக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. எழுத்து அரபி. மொழி ஸ்பானியம். வீட்டில் பேசுவது ஸ்பானியம், எழுத்து மட்டும் குர்ஆனின் எழுத்து. அல்ஹமியா என்பார்கள். அரபுத் தமிழைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்களே, அதே ஏற்பாடு. நல்லவேளை, இங்கே தரைக்கடியில் ஒளித்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

மூர்கள் கறுப்பர்களா என்ற சண்டை இணையத்தில் ஓயாமல் நடக்கிறது. மேலே சொன்னதைப் படித்தால் கேள்வியே நிற்காது. முராபித்துப் படையில் சஹாராவுக்குத் தெற்கிலிருந்து வந்த கறுப்பு வீரர்கள் இருந்தார்கள், கோர்டோபா அரியணையில் நீலக் கண் கலிஃபா இருந்தார், ஜனங்களில் பெரும்பாலோர் மதம் மாறிய உள்ளூர்க்காரர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிற்பாடு கறுத்த தோலோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இனி உங்கள் நண்பரின் சான்றிதழ். 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு, முதலில் தண்டனைக் கைதி ஒருவனைக் கரைக்கு அனுப்பினார். கரையில் அவனைக் கூட்டிப்போய் நிறுத்தியது துனீசியாவைச் சேர்ந்த இரண்டு முஸ்லிம் வியாபாரிகள் முன்னால். அவர்களுக்கு காஸ்தீலியன் தெரியும். எடுத்த எடுப்பிலேயே, சனியனே, உன்னை யார் இங்கே கொண்டுவந்தது என்று ஸ்பானியத்தில் கேட்டார்களாம். கப்பலில் இருந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பில் இது இருக்கிறது. கிரானடா விழுந்து ஆறு வருடம்தான். போர்த்துக்கீசியருக்கு உலகத்தில் தெரிந்த முஸ்லிம் என்றால் மூர்தான், எனவே பார்த்த முஸ்லிம் எல்லாம் 'மௌரோ'. கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்கள் 'மண்ணின் மூர்', அரபு வியாபாரிகள் 'மெக்கா மூர்'. கொழும்பில் இறங்கியபோதும் அதே பெயர். ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் போனார்கள், அங்கே இருந்த முஸ்லிம்கள் 'மோரோ'. பின்னால் வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இந்துஸ்தானி மொழியையே 'மூர்ஸ்' என்றிருக்கிறார்கள்.

பெயரோடு வெறுப்பும் வந்தது. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசர். மொரிஸ்கோக்களை நாடுகடத்தியவரின் மகன் அரியணையில் இருந்த 1626இல், இலங்கையில் போர்த்துக்கீசியர் தங்கள் பகுதியிலிருந்து 'மூர்'களை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களைத் தன் நாட்டுக்குள் ஏற்று, பெரும் பகுதியினரைக் கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினான். அந்த மக்கள் அரபு வியாபாரிகள், தென்னிந்தியக் கரையோர முஸ்லிம்கள், உள்ளூர்ப் பெண்கள் என்று கலந்து உருவானவர்கள், வீட்டுமொழி தமிழ்.

இந்தப் பெயர் வெறும் ஒட்டுச்சீட்டாக நின்றுவிடவும் இல்லை. 1880களில் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். சட்டசபையில் அவர்களுக்குத் தனி இடம் தருவதா என்ற பேச்சு நடந்த நேரம் அது. இல்லை, நாங்கள் தனி இனம் என்று ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஒரு மறுப்பே எழுதி வெளியிட்டார். இதற்கு நடுவில், 1889இல், முதல் சோனகர் உறுப்பினர் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டுவிட்டார். போர்த்துக்கீசியன் கோபத்தில் வைத்த பெயர் அங்கே ஒரு நாற்காலியை வாங்கிக் கொடுத்தது. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கை மக்கள்தொகையில் சுமார் 9 சதவீதம் பேர் அந்தப் பெயரில்தான் வந்தார்கள்.

சான்றிதழின் தமிழ்ப் பக்கத்தில் இருக்கும் 'சோனகர்' மட்டும் என்ன? அதுவும் 'யவனர்' என்ற சொல்லோடு உறவுடையது. யவனர் என்றால் முதலில் அயோனியாவின் கிரேக்கர்கள், பிறகு ரோமர்கள், பிறகு அரபுகள். மேற்குக் கடல் தாண்டிக் கப்பலில் வந்த எல்லாருக்கும் நம் ஆட்கள் வைத்திருந்த ஒரே பெயர்.